கை மாறும் வீரர்கள்: கொடுத்தவருக்கு என்ன மிஞ்சும்?

2018 யூலை 18 ஆம் திகதி ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்டக் கழகம், ஒன்பது ஆண்டுகள் தனக்காக விளையாடிய டிமார் டிரோசனைச் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் கழகத்துக்குக் கொடுத்தது. அவரோடு யாக்கோப் பேர்ட்டில் என்ற இளம் வீரரும், 2019 ஆம் ஆண்டின் புதுவீரர் தெரிவில் ராப்டர்ஸுக்கு இருந்த முதற்சுற்று உரிமையும் போயின. பதிலுக்கு வந்தவர்கள் கவை லெனர்ட்டும் டனி கிரீனும். லெனர்ட் அதற்கு முந்தைய பருவத்தில் தொடைத் தசைக் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். இன்னும் ஒரு வருடத்தில் ஒப்பந்தம் முடிந்து எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய நிலையில் இருந்தார். ஒரு வருடம் மட்டுமே இருக்கக்கூடிய, உடம்பு தேறுமா என்று தெரியாத ஒருவருக்காக, ஊரையே தன் ஊராக நினைத்த ஒருவரைக் கொடுக்கலாமா?

வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கனடாவில் உறவு இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். ரொறன்ரோவின் ஸ்காபறோவில் வளரும் எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் துடுப்பாட்டத்தைவிடக் கூடைப்பந்தாட்டம் நெருக்கமானது. தொலைபேசியில் அவர்கள் பேசும் பெயர்கள் இங்குள்ள மச்சான்மாருக்கும் மச்சாள்மாருக்கும் பழகிவிட்டன. 2019 யூன் 13 இரவு ராப்டர்ஸ் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை வென்று பட்டத்தை எடுத்தபோது இங்கு 14 ஆம் திகதி வெள்ளிக்கிழமைக் காலை. பாடசாலைகளில் பாடம் தொடங்கிவிட்ட நேரம். ஆனால் உறவு மட்டும் காரணமல்ல. வீரர் ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்குவது சரியா என்ற வாதம், கொடுப்பவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்ற கேள்வியை அடியில் வைத்திருக்கிறது. அந்தக் கேள்வி வன்னிக்கு நேரே பொருந்தும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் விதிகள். வட அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில், அதாவது என்பிஏயில், ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைப் போலப் பணத்தைக் கட்டி வீரரை வாங்கிவிட முடியாது. பெரும்பாலும் வீரருக்குப் பதில் வீரர் போக வேண்டும். சம்பள உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் கழகங்களில் இரு பக்கச் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். 2018-19 பருவத்துக்கு டிரோசனின் சம்பளம் ஏறக்குறைய 27.7 மில்லியன் டொலர், லெனர்ட்டினுடையது 23.1 மில்லியன். கிரீனும் பேர்ட்டிலும் அந்தக் கணக்கை நேராக்கவும் சேர்க்கப்பட்டவர்கள். இதற்கு மேல் கழகங்கள், ஆண்டுதோறும் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் புதுவீரர் தெரிவில் தமக்குள்ள எதிர்கால உரிமைகளையும் கொடுக்கலாம். இந்த உரிமை விதைநெல் போன்றது; இந்தப் போகத்துப் பசிக்கு அதை அவித்துவிட்டால் அடுத்த போகத்துக்கு வயல் வெறுமையாகக் கிடக்கும். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் கழகத்தின் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் அப்படித்தான் அள்ளிக் கொடுத்துக் கழகத்தையே வெறுமையாக்கினார். அடுத்தடுத்து வரும் இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று உரிமையை ஒரு கழகம் முற்றாக இழக்கக்கூடாது என்ற விதி அதன் பிறகு வந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ரொறன்ரோவின் வரலாறே இந்த வாதத்துக்குப் போதிய பாடநூல். கழகம் 1995 இல் பிறந்தது. அதன் முதல் பெரும் நட்சத்திரம் வின்ஸ் காட்டர். 2004 டிசெம்பர் 17 அன்று அவரை நியூ ஜேர்சி நெற்ஸ் கழகத்துக்குக் கொடுத்து அலொன்சோ மோர்னிங், எரிக் வில்லியம்ஸ், ஆரன் வில்லியம்ஸ் ஆகியோரையும் இரண்டு முதற்சுற்று உரிமைகளையும் வாங்கினார்கள். மோர்னிங் ரொறன்ரோவுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பணம் கொடுத்தே அவரை விடுவிக்க வேண்டியிருந்தது. அவர் மயாமிக்குப் போய் 2006 இல் பட்டமும் வென்றார். அந்த மாற்றத்தை நியாயப்படுத்த எந்தக் கோணமும் எனக்குத் தெரியவில்லை. காட்டர் போக விரும்பினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விற்பவன் விற்றேயாக வேண்டும் என்று வாங்குபவனுக்குத் தெரிந்தால் விலை விழும். வவுனியா மொத்தச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் எந்த விவசாயிக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நடக்காமல் போன மாற்றம். என் பார்வையில் முழு வரலாற்றிலும் அதிகம் கற்றுத் தருவது இதுதான். 2013 டிசெம்பர் 9 இல் புதிய பொது முகாமையாளர் மசாய் உஜிரி, ரூடி கேயைச் சக்ரமென்ரோவுக்கு அனுப்பி நான்கு துணைநிலை வீரர்களை வாங்கினார். அணி அப்போது 18 ஆட்டங்களில் ஆறைத்தான் வென்றிருந்தது. அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்பதே எல்லோருடைய எண்ணமும். அடுத்து கைல் லௌரியை நியூயோர்க் நிக்ஸுக்குக் கொடுக்கும் பேச்சு முற்றி வந்தது. நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் கடைசியில் தடுத்துவிட்டார் என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டுக் கோடையில் உஜிரியிடமிருந்து அந்திரேயா பார்ஞானியை வாங்கி நிக்ஸ் சூடுபட்டிருந்தது. இரண்டாம் முறையும் அதே மனிதரிடம் ஏமாறக்கூடாது என்ற பயமே அந்தப் பேச்சு முறியக் காரணம் என்றார்கள். லௌரி தங்கினார். மீதி 64 ஆட்டங்களில் ரொறன்ரோ 42 ஐ வென்றது. அந்தப் பருவம் 48 வெற்றிகளோடு முடிந்தது. லௌரி 2019 வரை அந்த அணியின் முதுகெலும்பாக நின்றார்.

உஜிரியின் திறமையைப் புகழும் எழுத்துகள் நிறைய உண்டு. லௌரி தங்கியதோ அவருடைய திறமையால் அல்ல. எதிரே இருந்தவரின் பயத்தால். பேச்சளவில் நின்ற மாற்றத்தை ஆராய்பவர்கள் இதை மறக்கக்கூடாது. கேயை அனுப்பிய பிறகு அணியின் பந்துப் பகிர்வு மாறியது. யாரிடம் பந்து அதிகம் நிற்கிறது என்பது மாறியபோது மற்ற வீரர்களின் பெறுமதியும் மாறியது. ஒருவரைக் கழித்துக் கூட்டினால் வரும் விடையை எந்தப் புள்ளிவிபர அட்டவணையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வீரரின் பெறுமதி அவருக்குள் மட்டும் இல்லை, அருகில் யார் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது. எந்த மாற்ற யோசனையையும் எடைபோடும்போது போகிறவர், வருகிறவர் என்ற இருவரையும் தராசில் வைப்பார்கள். தங்கியிருக்கும் பத்துப் பேருக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு.

இனி 2018 க்கு வருவோம். டிரோசன் ரொறன்ரோ வரலாற்றிலேயே அதிக புள்ளிகள் எடுத்தவர். அந்த ஆண்டு பெப்ரவரியில் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, பலருக்கும் வாய் திறக்கத் தைரியம் கொடுத்தவர். அணி அந்தப் பருவத்தில் 59 ஆட்டங்களை வென்றிருந்தது. ஆனால் 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகளும் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் அணியிடம் தோற்று வெளியேறியது. கடைசி இரண்டு முறையும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. இந்த அணி இவ்வளவுதான் போகும் என்பது தெரிந்துபோயிற்று. அதே யூலையில் லெப்ரோன் கிழக்குப் பிரிவை விட்டு லொஸ் ஏஞ்சலஸ் போனார். மூன்று ஆண்டுகளாக மூடியிருந்த கதவு திறந்தது. அது நெடுநாள் திறந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் காலக் கணக்குதான் அந்த முடிவின் நியாயம். லெனர்ட் ஒரு வருடம்தான் இருப்பார் என்ற எதிர்வாதம் பலமானது. ஆனால் அந்த ஒரு வருடம் எந்த வருடம் என்பதை அது கேட்கவில்லை. சியாக்கம், அனுனோபி, வன்வ்லீற் என்ற இளையவர்களில் எவரையும் கொடுக்கவில்லை. போன முதற்சுற்று உரிமைக்கும் காப்பு இருந்தது, அதாவது மிக முன்னே விழுந்தால் அது ரொறன்ரோவிடமே தங்கும். அது பின்னர் 29 ஆவது தெரிவாகி, ஸ்பேர்ஸ் அதில் கெல்டன் ஜோன்சனை எடுத்தது. லெனர்ட் போய்விட்டாலும் டிரோசனின் நீண்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, இளையவர்களோடு மறுபடி தொடங்கலாம். மோசமான முடிவிலும் ஒரு தரை இருந்தது. 2019 பெப்ரவரியில் மார்க் கசோலையும் வாங்கிச் சேர்த்தார்கள். மே 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. பின்னர் பட்டம். இறுதித் தொடரின் சிறந்த வீரர் லெனர்ட். யூலையில் அவர் கிளிப்பர்ஸுக்குப் போனார்.

பட்டம் வந்ததால் மாற்றம் சரி என்று வாதிடுவது எளிது. நான் அப்படி வாதிடவில்லை. அந்தப் பந்து நான்காவது துள்ளலில் வெளியே போயிருந்தாலும் 2018 யூலையில் எடுத்த முடிவு சரியானதே. முடிவு எடுத்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்தே முடிவைத் தீர்க்க வேண்டும். மாரியை நம்பிக் காலபோகத்துக்கு விதைத்தவர், வெள்ளம் வந்துவிட்டது என்பதற்காகப் பிழை செய்தவராக மாட்டார்.

இதன் மறுபக்கம் 2025 பெப்ரவரி தொடக்கத்தில் டலஸில் நடந்தது. 25 வயதான லூக்கா டொன்சிச், முந்தைய ஆண்டுதான் மவரிக்ஸ் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனவர். அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்து 31 வயதான அந்தனி டேவிஸையும், மக்ஸ் கிறிஸ்ரியையும், 2029 ஆம் ஆண்டின் ஒரு முதற்சுற்று உரிமையையும் வாங்கினார்கள். முகாமையாளர் நிகோ ஹரிசன் தற்காப்பு ஆட்டமே பட்டம் தரும் என்றார். டொன்சிச்சின் உடற்தகுதி பற்றிய கவலையும் பேசப்பட்டது. இவை முற்றிலும் பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் அவர் வேறு கழகங்களின் வாயில்களைத் தட்டவில்லை. இப்படி ஒரு வீரர் கைக்கு வருவார் என்று தெரிந்திருந்தால் லீக்கில் பாதிக் கழகங்கள் தம்மிடம் உள்ள எதிர்கால உரிமைகளை எல்லாம் கொட்டியிருக்கும். ஒருவருக்கு மட்டும் விலை சொல்லி விற்றது மன்னிக்க முடியாத பிழை. காட்டர் விடயத்தில் விற்பவரின் அவசரம் வெளியே தெரிந்து விலை விழுந்தது; டொன்சிச் விடயத்தில் விற்பனையே வெளியே தெரியாமல் விலை விழுந்தது. சில மாதங்களில் 1.8 சதவீத வாய்ப்போடு புதுவீரர் தெரிவுக் குலுக்கலில் முதல் இடம் டலஸுக்கு விழுந்து, கூப்பர் பிளாக் என்ற அரிய இளைஞர் கிடைத்தார். அந்த அதிர்ஷ்டத்தால் பழைய முடிவு சரியாகிவிடவில்லை. நவம்பரில் ஹரிசன் பதவி நீக்கப்பட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது 2024 யனவரியில் நடந்த சியாக்கம் மாற்றம். இந்தியானா பேசர்ஸ் மூன்று முதற்சுற்று உரிமைகளையும் புறூஸ் பிரவுன் உட்படச் சில வீரர்களையும் கொடுத்து அவரை வாங்கியது. ரொறன்ரோவுக்கு அப்போது மறுபடி கட்டும் காலம். இந்தியானாவுக்கு வெல்லும் காலம். 2025 இல் இந்தியானா இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. ரொறன்ரோ அந்த உரிமைகளில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பிரண்டன் இன்கிரமை வாங்கியது. யார் வென்றார் என்று கேட்பதில் பொருளில்லை. வெவ்வேறு காலத்தில் நிற்கும் இருவருக்கு இடையில்தான் இரு பக்கமும் நன்மை காணும் மாற்றம் நடக்க முடியும். இருவருக்கும் ஒரே காலம் என்றால் ஒருவர் ஏமாற வேண்டும். பேர்ட்டிலின் கதையும் இதற்குச் சான்று: 2018 இல் கொடுத்த அவரை 2023 பெப்ரவரியில் ரொறன்ரோ ஒரு முதற்சுற்று உரிமை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அணி அப்போது வெல்லும் நிலையில் இருக்கவில்லை, அந்த உரிமை எட்டாவது தெரிவாகப் போய்விட்டது. ஆள் நல்லவர், காலம் பிழை.

எங்கள் இளைஞர்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் 2025 நவம்பரில் இந்திய பிரிமியர் லீக் துடுப்பாட்டத்தில் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கியது. ஜடேஜாவுக்கு 37 வயது நெருங்கியிருந்தது, சாம்சனுக்கு 31. தோனிக்குப் பிறகு விக்கெட் காப்பாளர் வேண்டும் என்ற தேவை கண்முன் நின்றது. கணக்கு சரி. ஆனால் 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் எடுத்துப் பட்டத்தைக் கொண்டுவந்தவரை, 2012 முதல் மஞ்சள் உடையில் பார்த்தவரை, இளஞ்சிவப்பு உடைக்கு அனுப்பும்போது இரசிகர் மனம் கணக்குப் பார்ப்பதில்லை. ஏ9 வீதியோரத் தேநீர்க் கடைகளில் அந்த வாரம் முழுவதும் பேசியது இதைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இந்திய பிரிமியர் லீக்கில் வீரரின் சம்மதம் இல்லாமல் மாற்றம் நடக்காது. என்பிஏயில் மிகச் சிலருக்கே தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு. மற்றவர்களைக் கேட்க வேண்டியதில்லை. தனக்கு ஒன்று சொல்லப்பட்டது, நடந்தது வேறொன்று என்று டிரோசன் வெளிப்படையாக எழுதினார். உஜிரி பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். டொன்சிச்சுக்கும் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. பல மில்லியன் டொலர் சம்பளம் பெறும் ஒருவரின் இடமாற்றத்தை எங்கள் மக்களின் இடப்பெயர்வோடு ஒப்பிடமாட்டேன், அது தகாது. ஆனாலும் தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு தனக்குக் கடைசியாகச் சொல்லப்படுவது எவருக்கும் செய்யக்கூடாத ஒன்று என்பது இந்த மண்ணில் வளர்ந்த எவருக்கும் உடனே புரியும். மாற்றத்தின் கணக்கில் நம்பிக்கையும் ஒரு செலவு. அடுத்த முறை அந்தக் கழகத்தோடு ஒப்பந்தம் பேச வரும் வீரர் இதை நினைத்துக்கொண்டுதான் வருவார்.

இப்போது வன்னிக்கு வருகிறேன். இங்கே கூடைப்பந்தாட்டத் திடல் உள்ள பாடசாலைகள் குறைவு. பெண்பிள்ளைகள் ஆடுவது வலைப்பந்தாட்டம், பொடியள் ஆடுவது உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் துடுப்பாட்டமும். 2018 இல் தொடங்கிய வடக்கு கிழக்கு பிரிமியர் லீக் உதைபந்தாட்டத்தில் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் என எங்கள் மாவட்டங்களின் பெயர் தாங்கிய அணிகள் இறங்கியபோது இருந்த உற்சாகம் பெரியது. ஆனால் வருடம் முழுவதும் சம்பளம் கொடுக்கும் தொழில்முறைக் கழகம் ஒன்று வன்னியில் இல்லை. திறமையுள்ள பிள்ளை ஒரு கட்டத்தில் போகத்தான் வேண்டும்.

போகும் வழி வேலை. இலங்கையில் வீரரை இடம் மாற்றுவது பெரும்பாலும் ஒரு நியமனக் கடிதம்தான்: வங்கி, வர்த்தக நிறுவனம், பொலிஸ், முப்படை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் ஒரு வங்கியின் வலைப்பந்தாட்ட அணியில் ஆடினார். தேசிய அணிக்காக 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றார். ஆஸ்திரேலியாவின் விக்டோரிய மாநில லீக்கில் சிற்றி வெஸ்ட் பால்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார். 2019 இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எவரையும்விட அதிக கோல்களைப் போட்டார். யாழ். மத்திய கல்லூரி விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் ஜஃப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக லங்கா பிரிமியர் லீக் துடுப்பாட்டத்தில் இறங்கி, 2024 இல் வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாகச் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் போனார். இருவரும் போனது நல்லது. போகாமல் இருந்திருந்தால் அவர்களுடைய உயரம் யாருக்கும் தெரிந்திராது. போகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் எவரோடும் நான் உடன்படமாட்டேன்.

என் கவலை வேறு. காட்டரை இழந்த ரொறன்ரோவுக்குக்கூட இரண்டு முதற்சுற்று உரிமைகள் கிடைத்தன. எவ்வளவு மோசமான மாற்றத்திலும் கொடுத்தவர் கையில் ஏதோ ஒன்று மிஞ்சியது. வன்னியிலிருந்து ஒரு வீராங்கனை கொழும்பு அணிக்குப் போகும்போது, அவரை ஆறாம் வகுப்பிலிருந்து வெயிலில் நின்று பழக்கிய உடற்கல்வி ஆசிரியருக்கோ, சப்பாத்து வாங்கிக் கொடுத்த ஊர்க் கழகத்துக்கோ மிஞ்சுவது என்ன? அடுத்த வருடம் அதே ஆசிரியர் அதே கிழிந்த வலையோடு, ஒரு நல்ல ஆட்டக்காரி குறைந்த அணியோடு வலயப் போட்டிக்குப் போவார். இது மாற்றமே இல்லை. ஒரு கை மட்டும் நீளும் கொடுக்கல்.

உலக உதைபந்தாட்டத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஃபிஃபா விதிகளின்படி, இளம் வயதில் வீரரைப் பழக்கிய கழகங்களுக்கு அவர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போதும், 23 வயது வரை நாடு விட்டு நாடு மாறும்போதும் பயிற்சி இழப்பீடு உண்டு. அதற்குப் பிறகும் பன்னாட்டு மாற்றக் கட்டணத்தில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பங்கிடப்படும். செனகலிலோ பிரேசிலிலோ உள்ள சின்ன ஊர்க் கழகம் ஒன்று, தன் மைதானத்தில் ஓடிய பையன் ஐரோப்பாவில் பெரும் தொகைக்கு மாறும்போது புல் போட்டு விளக்குப் பொருத்தும் அளவுக்குப் பணம் பெறுகிறது. உள்நாட்டு மாற்றங்களுக்கும் இப்படி ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்று அந்த விதிகள் தேசியச் சங்கங்களுக்குச் சொல்கின்றன. எங்களுடைய தடை, மாற்றக் கட்டணம் என்ற ஒன்றே இங்கு பெரும்பாலும் இல்லை என்பது. கட்டணம் இல்லாத இடத்தில் அதில் 5 சதவீதமும் பூச்சியம்தான். அதோடு, பதிவுபெற்ற கழகங்களே அந்தக் கணக்கில் வரும். வன்னியில் வீரரை வளர்ப்பவையோ பெரும்பாலும் பாடசாலைகள்.

ஆகவே பணத்தை மறந்து பொருளாகக் கேட்கலாம். கொழும்பிலுள்ள வங்கி அணியோ படை அணியோ வன்னிப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒருவரை எடுத்தால், அடுத்த மூன்று பருவங்களுக்கு அந்த அணியின் பயிற்றுநர் ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பாடசாலைக்கு வந்து பயிற்சி முகாம் நடத்தட்டும். பந்து, வலை, காலணி என்று ஒரு சிறு தொகுதி வரட்டும். போன வீராங்கனைக்கு முகாமுக்கு வர விடுப்புக் கொடுக்கட்டும். அதே பாடசாலையின் அடுத்த திறமைசாலியை முதலில் பார்க்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று அந்த அணி பதிலுக்குக் கேட்டால், அதையும் கொடுக்கலாம். பிள்ளையின் சம்மதம் என்ற நிபந்தனையோடு மட்டும். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. இரண்டு பக்கக் கடிதம் போதும். அதை எழுதக்கூடியவர்கள் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரும் வலயக் கல்விப் பணிமனையும் பழைய மாணவர் சங்கங்களும். இந்தச் சங்கங்களின் கிளைகள் ரொறன்ரோவிலும் இருக்கின்றன; டிரோசனைக் கொடுத்தது சரியா என்று ஒரு கோடை முழுவதும் வாதாடிய அந்தப் பிள்ளைகளிடமே முதல் வரைவை எழுதச் சொல்லலாம். காப்பு வைத்த உரிமை என்றால் என்ன, எதை எவ்வளவு காலத்துக்குக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட்டால் பிறகு வருந்த நேரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.